ஆட்டம் கற்பித்த ஆசிரியர்

கோடையில் எங்கள் திருமுடிவாக்கம் ஏரியில் நீர் வற்றினால் சிறுவர்கள் அங்கே கால்பந்து ஆடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனாகிய நான் மாலையில் கரைமீது அமர்ந்து அதைப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் ஒரு பழைய குற்றம் நெஞ்சை உறுத்தும்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத பள்ளி ஒன்றில் விளையாட்டு வகுப்பும் என் தலையில் விழுந்தது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவான், நான் கைதட்டுவேன். ஓரத்தில் நின்றிருந்த மெலிந்த பையனிடம் ஆண்டு முழுவதும் பந்து போனதாக எனக்கு நினைவில்லை. அது தவறென்று அப்போது எனக்குத் தோன்றவுமில்லை.

பின்னாளில் சையத் அப்துல் ரஹீமின் வரலாற்றைப் படித்தபோதுதான் தோன்றிற்று. 1909-இல் பிறந்த ஹைதராபாத்துக்காரர் அவர். இளமையில் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடினார். பின் பள்ளி ஆசிரியரானார். உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றார். ஆட்டக்காரராகப் பெற்ற புகழ் சொற்பமே. ஆனால் அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவருடைய முறையைக் கேளுங்கள். பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது, வந்தவுடன் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் வைத்தார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளும் வைத்தார். வலக்கால் வீரன் அங்கே தடுமாறினான், தடுமாறியே கற்றான். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்லும் வாத்தியாரின் தந்திரம் இது என்று எனக்குச் சிரிப்பு வரும்.

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளரானார். 1951-இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற தோல்வி! நம்மவர் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். இத்தகைய தோல்விக்குப்பின் வாத்தியாரை மாற்றுவதே உலக வழக்கம். அவரோ தொடர்ந்தார், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நம் அணி நான்காம் இடம் பெற்றது.

1962 ஜகார்த்தாவுக்குப் போகும்போது ரஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்றோம். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடும்படி ஆயிற்று. தலையால் பந்தை முட்டித் தடுக்க இயலாத அவரை ஒதுக்கி உட்காரவைத்திருப்பேன் நான். ரஹீம் அவரை முன்வரிசை நடுவில் நிறுத்தினார்! இறுதி ஆட்டம் செப்டம்பர் 4, மீண்டும் தென்கொரியாவோடு. அரசியல் சச்சரவு ஒன்றால் நம்மீது சினந்திருந்த பெருங்கூட்டம் அரங்கம் முழுவதும் கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜி ஒரு கோல். ஜர்னைல் சிங் ஒரு கோல். கோலைக் காத்தவர், சென்னை ரெஜிமெண்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அவரும் தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடியவரே. 2-1 என வென்று தங்கம் பெற்றோம். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதற்குப்பின் இன்னொரு தங்கம் காணவில்லை.

1963 ஜூனில் ரஹீம் காலமானார். அவரிடம் ஆடிய பானர்ஜி பிற்காலத்தில் தாமும் பெரும் பயிற்சியாளராகி, 1970-இல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் பெற்றபோது அணியோடு இருந்தார்.

சென்ற கோடையில் ஒருநாள் ஏரிக்குள் இறங்கி, “பந்தோடு யாரும் ஓடக்கூடாது, தட்டித்தான் விடவேண்டும்” என்றேன். “போங்க தாத்தா!” என்று முதலில் சிரித்தார்கள், பிறகு ஆடினார்கள். கரையோரம் நின்ற சின்னப் பையனிடம் அன்று பதினோரு முறை பந்து போயிற்று. எண்ணிக்கொண்டே இருந்தேன்.