பந்து வீசியவன் பெயரைப் பாடியவர்கள்



'கிரிக்கெட் மேல்சாதி ஆட்டமாச்சே, அதுக்கு இங்கென்ன வேலை?' என்று வாசலிலேயே ஒரு தோழர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றியல்ல. அதைப் பாட்டாக்கிய கறுப்பு மக்களைப் பற்றி.

1950 ஜூன், லண்டன் லார்ட்ஸ் மைதானம். மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்தை 326 ரன்னில் தோற்கடித்தது. இங்கிலாந்து மண்ணில் அவர்களுக்கு முதல் டெஸ்ட் வெற்றி. அந்தக் கரும்புத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்திருந்த சனம் மைதானத்துக்குள்ளே இறங்கிட்டாங்க. கிடாரோடு முன்னால் போனவர் லார்ட் கிச்சனர். லார்ட் பிகினரும் அங்கே இருந்தார். ஊர்வலம் ஆடிப் பாடிக்கொண்டு பிக்காடில்லி வரை போனது. பிகினர் பாடிய வெற்றிக் கலிப்ஸோ அந்த வருடமே இசைத்தட்டாக வந்தது.

அந்தப் பெயர்களைக் கவனிங்க. இருவரும் 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்த டிரினிடாட்காரர்கள். அங்கே கலிப்ஸோ பாடுகிறவன் தனக்குத்தானே 'லார்ட்' பட்டம் சூட்டிக்கொள்வான். கிச்சனர் என்பதோ வெள்ளைத் தளபதியின் பெயர். எசமான் பட்டத்தை மாட்டிக்கொண்டு எசமான் மைதானத்திலேயே ஆடுவது சும்மா வேடிக்கையா?

கலிப்ஸோவின் வேர் ஆப்பிரிக்க அடிமைகளிடம் இருக்கிறது. 1880களில் காலனி அரசு டிரினிடாடில் தோல் மேளத்துக்குத் தடை போட்டது. சனங்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பின்னால் தகர டப்பா, அப்புறம் எண்ணெய் டிரம். பறை அடிக்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

சரி, பாட்டுக்கு வருவோம். கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பொறாமை உண்டு. ஸ்கோர் அட்டையை அப்படியே பாட்டாக்கிவிட்டார் மனுஷன்! அரசர் வந்திருந்ததும் அதில் உண்டு. ஒரு வரி, அவ்வளவுதான். அணித் தலைவர் ஜான் கோடார்ட் வெள்ளையர். ஆனால் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் இரண்டு: ராமதின், வாலன்டைன். ராமதினுக்கு வயது இருபத்தொன்று, வாலன்டைனுக்கு இருபது. விழுந்த இருபது விக்கெட்டில் பதினெட்டு இவர்கள் எடுத்தது. ஜமைக்காவின் கறுப்புப் பையன் வாலன்டைன். ராமதின், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்.

மட்டை பிடிப்பது கனவான் வேலை, வேர்த்து விறுவிறுத்துப் பந்து வீசுவது கூலிக்காரன் வேலை. கிரிக்கெட்டில் வெகுகாலம் இதுதான் வழக்கம். பல்வங்கர் பாலு இப்படி வந்தவர்தான். தலித். புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரித்தபடி, வலையில் துரைகளுக்குப் பந்து வீசித் தேர்ந்தவர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் சொந்த அணிக்காரர்களோடு சேர்ந்து தேநீர் குடிக்க முடியாது. வெளியே தனிக் குவளை. கேப்டன் பதவியும் கிடைக்கவில்லை. இங்கே எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? ராமதினுக்காவது ஒரு பாட்டு கிடைத்தது.

பாட்டால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதைவிட மாட்டேன். முழுத் தொடருக்கும் ஒரு கறுப்பரைத் தலைவராக்க, அதாவது ஃபிராங்க் வொரலை, 1960 வரை ஆனது. அதுவும் சி.எல்.ஆர்.ஜேம்ஸ் பத்திரிகையில் விடாமல் சண்டை போட்ட பிறகு. ஆனாலும் தலைமை கைக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே, வெற்றி யாருடையது என்று பாட்டு தீர்த்துச் சொல்லிவிட்டது பாருங்க.

எதிரியையும் பாடியவர்கள் அவர்கள். 1971இல் கவாஸ்கர் நான்கு டெஸ்டில் 774 ரன் அடித்து அவர்களை நொறுக்கினார். லார்ட் ரிலேட்டர் அதற்கும் ஒரு கலிப்ஸோ கட்டினார், சொந்தப் பந்து வீச்சாளர்களையே கிண்டலடித்து. நம் மேடைகளில் இந்தக் குணம் ரொம்பக் கம்மி, கோவிச்சுக்காதீங்க.

பிகினர் பாட்டை இப்போ போடச் சொல்லியிருக்கேன். பல்லவியில் அந்த ரெண்டு பேர் பெயரும் வரும்போது நீங்களும் சத்தமாச் சேர்ந்துக்குங்க.