பம்ப் காற்று வாங்குகிறது

(குறுவள மையக் கூட்டமொன்றில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று கருத்தாளர் கேட்டார். "மோட்டாரும் வெந்நீரும்" என்றேன். சிரித்துவிட்டு, "அது பாடத்தில் எங்கே வருகிறது?" என்றார். எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் பாடத்தில் வருகிறது, வெப்பம் பாடத்தில் வருகிறது. எனக்கே அது தெரிய பதினோரு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சில ஆண்டுகள் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பணியாற்றினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். மாணவியர் விடுதியில் 84 பேர். விடுதிக்குக் கீழே சரிவில் ஒரு கிணறு, கிணற்றடியில் மோட்டார் அறை, அங்கிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குக் குழாய். தொட்டிக்குப் பக்கத்திலேயே சூரிய வெந்நீர்க் கலன். மார்கழியில் அந்த ஊரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும்.

அப்படியொரு மார்கழியில்தான் மோட்டார் மக்கர் செய்யத் தொடங்கியது. போட்டால் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. காவலர் ஒரு குடம் தண்ணீரைப் புனலில் ஊற்றிப் போட்டால் எடுக்கிறது. மறுநாள் காலையில் மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு வாரம் கழித்து, ஊற்றினாலும் பத்து நிமிடம் ஓடிவிட்டு விட்டுவிடும். "பம்ப் காத்து வாங்குது டீச்சர்" என்றார் காவலர். அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயின் பெயரையே அவர் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். கழிப்பறைக்கும் அதுதான், குளிக்கவும் அதுதான். அந்த வாரம் எட்டாம் வகுப்பில் முதல் பாடவேளை எனக்கு. ஸ்ட்ராவில் பழச்சாறு ஏன் ஏறுகிறது என்று நடத்திக்கொண்டிருந்தேன். நாம் இழுப்பதால் ஏறவில்லை; ஸ்ட்ராவுக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியே உள்ள காற்று சாற்றைத் தள்ளி ஏற்றுகிறது. நன்றாகத்தான் நடத்தினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்பி நிற்க வைத்தேன். பாடவேளை முடியும்வரை நின்றாள். அன்று காலை அவள் பதினான்கு குடம் சுமந்திருந்தாள் என்று விடுதிக் காப்பாளர் மதிய உணவின்போது சொன்னார்.

மெக்கானிக் இதற்கிடையில் இரண்டு முறை வந்து போயிருந்தார். முதல் முறை ஃபுட் வால்வை மாற்றினார். இரண்டு நாள் எடுத்தது, பிறகு பழைய கதைதான். இரண்டாம் முறை, மோட்டார் இழுவை போதவில்லை, காயில் கட்ட வேண்டும் என்று கழற்றிக் கீழே கொண்டுபோனார். காயில் கட்டி வந்த மோட்டாரும் அதேபோலக் காற்றுத்தான் வாங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மலை ஏறி வருகிறவர், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், வழக்கமாக எது கெடுமோ அதை மாற்றிவிட்டுப் போகிறார். இரண்டு பொருளை மாற்றியும் நாங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லையே, அதுதான் தவறு. எது கெட்டிருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, அறிவியல் ஆசிரியையான நான் உட்பட.

ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பில் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனேன். தூங்கியதற்காக நான் நிற்க வைத்த பெண்ணும் வந்தாள். முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இதை நீங்களும் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது வந்து போட்டுவிடுவார்கள்.

தண்ணீர் போகும் வழியைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னேன். கிணறு, ஃபுட் வால்வு, உறிஞ்சும் குழாய், பம்ப், மேலேறும் குழாய், தொட்டி. எங்கே பழுது இருக்கலாம் என்று ஆளுக்கொரு இடத்தில் புள்ளி வைத்தார்கள். கிணற்றிலிருந்தே தொடங்கலாம் என்று முடிவாயிற்று.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். பம்பிலிருந்து நீர்மட்டம் ஐந்தரை மீட்டர் கீழே. இது முக்கியமான எண். கடல் மட்டத்தில் வளிமண்டலம் தண்ணீரை அதிகபட்சம் சுமார் 10.3 மீட்டர் உயரம்தான் தள்ளி ஏற்றும். எங்கள் மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் சுமார் 9 மீட்டர். உராய்வு, சிறு கசிவுகள் எல்லாம் போக, நடைமுறையில் ஆறு மீட்டரைத் தாண்டினாலே பம்ப் திணறும். கோடையில் கிணறு இறங்கியதும் மோட்டார் எடுக்கவில்லை என்று சொல்கிறோமே, பல இடங்களில் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. பம்பைக் கீழே இறக்கி வைத்தால் போதும். அதே பம்ப் மேல்நோக்கி எத்தனையோ மீட்டர் தள்ளும். கீழிருந்து எடுப்பதற்குத்தான் இந்த எல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். 1638இல் கலிலியோ வெளியிட்ட நூலில் உரையாடல் வடிவில் ஒரு செய்தி வருகிறது. பம்பில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் பழுது பார்க்க ஆளை அழைக்கிறார். வந்தவர் பார்த்துவிட்டு, பம்பில் பழுதே இல்லை, தண்ணீர் மிகவும் கீழே போய்விட்டது, குறிப்பிட்ட உயரத்துக்குமேல் எந்தப் பம்பாலும் ஏற்ற முடியாது என்கிறார். அதற்குக் கலிலியோ தந்த விளக்கம் தவறு. தொங்கும் கயிறு தன் எடையாலேயே அறுந்துபோவதுபோல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் டாரிசெல்லி 1643இல் பாதரசத்தை வைத்து, தாங்கி நிற்பது வெளியே உள்ள காற்றின் எடை என்று காட்டினார். நாம் 76 சென்டிமீட்டர் என்று மனப்பாடம் செய்யவைக்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு பம்ப் பழுதும், பெயர் தெரியாத ஒரு மெக்கானிக்கும் இருக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

சரி, மோட்டார் அறைக்கு வருவோம். ஐந்தரை மீட்டர் என்பது எல்லைக்குள்தான் இருக்கிறது. அடுத்து, மேலேறும் குழாயின் கேட் வால்வை மூடிவிட்டுப் புனல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். மட்டம் மெல்ல இறங்கியது. நிரப்பிய தண்ணீர் எங்கேயோ போகிறது. ஃபுட் வால்வு வழியாகக் கிணற்றுக்குப் போக வேண்டும், அல்லது ஏதாவது இணைப்பில் வெளியே சொட்ட வேண்டும். ஃபுட் வால்வு புதியது. நான் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் சொன்னாள்:

"டீச்சர், இந்த யூனியன்கிட்ட ஈரமா இருக்கு."

தடவிப் பார்த்தேன். ஆமாம், பம்புக்கு முன்னால், உறிஞ்சும் குழாயின் யூனியன் இணைப்பில் ஈரம். "ஆனா மோட்டார் ஓடும்போது அங்க காஞ்சிருக்கும் டீச்சர். நிறுத்தினாத்தான் சொட்டும். நான் தினம் பாக்குறேன்" என்றாள். குடத்தோடு வரிசையில் நின்றபடி தினமும் பார்த்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஒரு நிமிடம் நான் பேசாமல் நின்றேன். தண்ணீர் வெளியே வந்தால்தானே கசிவு? ஓடும்போது ஒரு சொட்டும் வராத இடத்தை ஏன் யாரும் சந்தேகப்படப் போகிறார்கள்? மெக்கானிக் வரும்போதெல்லாம் மோட்டாரை ஓட விட்டுத்தான் பார்த்தோம். ஓடும்போது அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தியதும் மேலே நிற்கும் நீரின் எடை உள்ளே அழுத்துகிறது, சொட்டு வெளியே வருகிறது. முந்தைய வாரம் இதே பிள்ளைகளுக்கு ஸ்ட்ராவில் நடத்திய பாடம் இதுதான். கரும்பலகைக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது, குழாய்க்கு முன்னால் தெரியவில்லை.

உறுதி செய்துகொள்ள வேண்டாமா? பிள்ளைகளை அறை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஃபியூஸைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மோட்டாரை நானே ஓட்டினேன். ஊதுபத்தியைப் பற்றவைத்து யூனியன் அருகே பிடித்தேன். மேலே போய்க்கொண்டிருந்த புகை வளைந்து இணைப்புக்குள் போனது. வாசலில் நின்றவர்கள் கத்திய கத்தல் விடுதிவரை கேட்டிருக்கும்.

பத்து நிமிடம் ஓடிவிட்டு விடுவது ஏன் என்ற கேள்வியையும் ஒரு பையன் தீர்த்துவைத்தான். ஓட ஓடக் கிணற்றில் மட்டம் இறங்குகிறது, அதிக ஆழத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, குழாய்க்குள் அழுத்தம் இன்னும் குறைகிறது, காற்று இன்னும் அதிகமாக நுழைகிறது. மூன்றாவது முறை மெக்கானிக் வந்து யூனியனைத் திறந்தார். உள்ளே ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. வாஷரின் விலை முப்பது ரூபாய். காயில் கட்டிய செலவைச் சொல்லி உங்களை வருத்தப்பட வைக்க விரும்பவில்லை.

தண்ணீர் வந்துவிட்டது. வெந்நீர் வரவில்லை. நான்கு குளியலறைகளில் இரண்டில் வருகிறது, மற்ற இரண்டில் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடுகிறது. கலனில் சூடு இருக்கிறது. இப்போது யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லவில்லை, சுண்ணக்கட்டியை எடுத்தார்கள். மேல்தொட்டியின் தண்ணீர் கலனுக்குள் இறங்கித்தான் வெந்நீரைத் தள்ளுகிறது. தொட்டி பல நாள் காலியாக இருந்தபோது வெந்நீர்க் குழாயில் காற்று புகுந்துவிட்டது. அந்தக் குழாய் மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி இறங்குகிறது. அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டு வழியை அடைக்கிறது. ஒரு ரப்பர் டியூபால் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் இணைத்து இரண்டையும் திறந்துவிட்டோம். கீழிருந்து போன தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே கலனின் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியேற்றியது.

ஓர் எச்சரிக்கை. கலனின் கண்ணாடிக் குழாய்கள் வற்றிக் கிடந்தால் வெயில் நேரத்தில் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும். விடியலில்தான் நிரப்ப வேண்டும். எங்களுக்கும் சந்தேகம் இருந்ததால் ஓர் இரவு காத்திருந்தோம். பிள்ளைகள் இன்னொரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு என்னைத் திட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருகிறது என்று புகார். கலனுக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால், கொஞ்சம் வந்துவிட்டு நின்றுவிட வேண்டும். எங்களுக்கு நிற்காமல் குளிர்ந்த நீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு குளியலறையில் இரண்டு வால்வுகளும் ஒரே வாய்க்குப் போகும்படி பொருத்தியிருந்தார்கள். வாயை மூடிவிட்டு இரண்டு வால்வையும் திறந்தே விட்டுவிட்டார்கள், அதன் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் கலந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தது ஏழாம் வகுப்பு. நான் அன்று விடுப்பு.

மின்சாரப் பக்கம் நீங்களோ பிள்ளைகளோ கை வைக்க வேண்டாம். மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், அல்லது சுற்றும் பகுதி இறுகியிருக்கும். அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.

இதனால் அந்த வகுப்பின் மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். பெரிதாகக் கூடியதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு பாடம் பின்தங்கி, அதை முடிக்க மாலை வகுப்பு வைத்தேன். ஆனால் தேர்வில் ஒரு கேள்வி சேர்க்கத் தொடங்கினேன்: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய், ஏன்? புத்தகத்தில் விடை இல்லாததால் எல்லோரும் எழுதினார்கள். அந்தப் பெண் மோட்டார் அறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். தேதி, போட்ட நேரம், தொட்டி நிரம்பிய நேரம். நிரம்ப ஆகும் நிமிடங்கள் கூடத் தொடங்கினால், நின்றுபோவதற்கு முன்பே வாஷரைப் பார்க்கச் சொல்லுவாள். வகுப்பில் நிற்க வைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், நின்னா தூக்கம் வரல" என்றாள்.

பின்வரிசை மேசையில் ஒரு குவளைத் தண்ணீரும் ஸ்ட்ரா கட்டும் குண்டூசியும் வைத்திருக்கிறேன். ஸ்ட்ராவின் நடுவில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைத்து உறிஞ்சிப் பாருங்கள். பிறகு ஸ்ட்ரா நிறையத் தண்ணீரை எடுத்து, அடியை விரலால் மூடி, மேல்முனையைத் திறந்து நிமிர்த்திப் பிடித்துத் துளையைப் பாருங்கள். தேநீர் வருவதற்குள் முடித்துவிடலாம்.