எழுதியவரே சரிபார்க்கலாமா?



கால்சாவில் உள்ள சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்த்து வருபவன் நான். என் தொழிலில் முதலாவது பாடம், கணக்கை எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக்கூடாது என்பது. அதே விதியைத் தமிழ் விக்கிமூலத்திலும் கண்டபோது, சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருந்தது.

விக்கிமூலம் என்பது காப்புரிமை முடிந்த நூல்களையும் பொதுவுக்கு விடப்பட்ட நூல்களையும் எவரும் இலவசமாக வாசிக்க வைக்கும் இணைய நூலகம். திரையின் ஒரு பாதியில் பழைய நூலின் பக்கம் படமாக நிற்கும். மறுபாதியில் அதை இயந்திரம் எழுத்தாக மாற்றிய உரை இருக்கும். இயந்திரத்துக்கு ரகரமும் அரவும் ஒன்றுதான். 'பாரம்' என்பதைப் 'பரரம்' என்று எழுதிவிடும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது.

எழுத்துப்பிழை மட்டுமல்ல, குறிகளையும் பார்க்கவேண்டும். பாட்டின் அடிகள் அடிகளாக நிற்க, தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி. திறந்ததை மூட மறந்தால் பக்கத்தின் அமைப்பே குழம்பும். பற்று எழுதி வரவு எழுதாத பேரேடு போலத்தான்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. 'கௌரவம்' என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டினால், திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது.

நான் பார்த்த முதல் பக்கத்தில் 'நாகரீகம்' என்று அச்சாகியிருந்தது. 'நாகரிகம்' என்று திருத்திப் பெருமைப்பட்டேன். இரண்டாமவர் அதை அச்சில் உள்ளபடியே மாற்றிவிட்டார். வெட்கமாகப் போயிற்று. பற்றுச்சீட்டில் உள்ள தொகையை என் விருப்பப்படி மாற்றுவேனா? மூலம் ஆசிரியருடையது. நாங்கள் காவலாளிகள் மட்டுமே.

ஏன் இவ்வளவு பாடு? 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. பிறகு 1998 பொங்கலன்று மதுரைத் திட்டமும், 2005இல் நூலகம் திட்டமும் தொடங்கின. எத்தனையோ பேர் ஊதியமின்றி உழைத்ததால் பல நூல்கள் இன்று இணையத்தில் உள்ளன. ஆனால் படமாக மட்டும் இருக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவருக்குக் கணினி அதை வாசித்துக் காட்டவும் சிரமம். பிழையற்ற உரை வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கணினி தெரியும், தமிழ் வாசிப்புத் தடுமாறும். பெரியவர்களுக்கோ நேர்மாறு. பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, ஒப்புநோக்காளர் அச்சுப்படியைத் திருத்துவார். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் மாமி படத்தைப் பார்த்து வாசிக்கிறார், மகள் உரையைத் திருத்துகிறாள். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் ஆகிறது. "இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து, அம்மம்மா?" என்று அவள் இடையிடையே கேட்பதால்தான் அவ்வளவு நேரம்.

நாங்கள் மஞ்சளாக்கிய பக்கங்கள் பச்சைக்குக் காத்திருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள்.