பெருகிய குடும்பமும் பழைய வண்டியும்

வீட்டுக்கு ஒரு மாடு வாங்குவதென்றால் நம் பாட்டனார்கள் எவ்வளவு ஆராய்ந்தார்கள்! பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், விற்பவர் ஏன் விற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பல இலட்சம் ரூபாய் கொடுத்து, பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியை வாங்கும் நாமோ, மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டதும் முன்பணத்தை நீட்டிவிடுகிறோம். அந்தத் தவற்றின் விளிம்பு வரை சென்று திரும்பியவர்கள் நாங்கள். அந்த அனுபவத்தையே வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுடன் இன்று பகிர்ந்துகொள்கிறோம்.

நாங்கள் வாழ்வது அந்தமானில். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகரில். தொழில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு. இரு பிள்ளைகளோடு நால்வராய் இருந்தவரை ஒரு சிறிய கார் போதுமானதாயிருந்தது. மூன்றாவது குழந்தை பிறந்தது. ஊரில் தனித்திருந்த பெற்றோரும் எங்களோடு வந்து சேர்ந்தனர். ஆக, எழுவர்.

ஓரிரவு தந்தையாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. பின்னிருக்கையில் அவரைச் சாய்த்துக் கிடத்தியதும் இடம் தீர்ந்துபோயிற்று. மழையில் முக்காடிட்டபடி தாயார் வாசலிலேயே நின்றுவிட்டார். தந்தையார் மூன்றாம் நாள் நலமாய் வீடு திரும்பினார். ஆனால் வாசலில் நின்ற அந்த உருவம் எங்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சேமிப்பு முழுவதையும் திரட்டி, மனைவியின் வளையல் இரண்டையும் சேர்த்து, எழுவர் அமரும் வண்டி ஒன்றைப் பழையதாகவேனும் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

வெளிநாட்டு வண்டியைப் பழையதாக நேரே தருவிக்கலாமே என்றார் நண்பரொருவர். இந்தியாவில் அது எளிதன்று. பழைய கார் மூன்றாண்டுக்கு மேற்படாததாய், வலப்புறச் சுக்கான் உடையதாய் இருத்தல் வேண்டும். சுங்கவரியோ வண்டியின் விலையையே விழுங்கும். ஆகவே வெளிநாட்டுப் பெயர் தாங்கி இந்நாட்டில் உருவான வண்டிகளே நம் கைக்கு எட்டுபவை.

அவற்றின் வரலாறும் சுவையானதுதான். அமெரிக்காவில் 1983இலும் பிரான்சில் 1984இலும் குடும்பத்தோடு செல்வதற்கான பெருவண்டிகள் புகழ்பெறத் தொடங்கின. அவற்றுக்கு முன்னரே, 1977இல், இந்தோனேசியாவில் டொயோட்டா நிறுவனத்தின் கிஜாங் என்னும் வண்டி வெளிவந்தது. அதன் வழித்தோன்றல்களே 2000இல் இந்தியாவில் அறிமுகமான குவாலிஸும் 2005இல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவும். பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்திரா அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும் அந்தக் குலத்து வண்டி எங்களை அடைய, கர்நாடகத்துப் பிடதியில் உருவாகி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து ஹாடோ துறையில் இறங்க வேண்டியிருக்கிறது!

எந்த வண்டியைத் தேர்வது? எங்கள் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை, குறுகலானவை. உடல் நீண்ட இன்னோவா ஏழு பேரையும் தாராளமாய்ச் சுமக்கும். விலையும் அதற்கேற்ப உயரும். 2012இல் வெளிவந்த மாருதி எர்டிகா சற்றுச் சிறியது; தெருவில் திருப்ப எளிது. இரண்டிலும் கடைசி வரிசையில் முதியவர் ஒருவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கள் தாயாரால் அங்கே நுழைய முடியவில்லை. ஆகவே அது பிள்ளைகளின் இடமாயிற்று. ஏழு பேரும் அமர்ந்தபின் பெட்டி வைக்க எவ்வளவு இடம் எஞ்சும் என்பதையும் கதவைத் திறந்து கண்ணால் காணவேண்டும். இன்னொன்று: உதிரிப்பாகங்கள் எல்லாம் எங்களுக்குக் கடல் தாண்டியே வருகின்றன. ஊரில் பத்துப் பேர் வைத்திருக்கும் வண்டியே நமக்கும் உற்ற வண்டி. ஒருவர் மட்டும் வைத்திருக்கும் வண்டி அழகாயிருப்பினும் பழுதானால் மாதக்கணக்கில் நிற்கும்.

இந்நிலையில், கோயிலில் பழகிய நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் தம் வண்டியை விற்பதாக அறிந்தோம். 2019இல் வாங்கப்பட்டது, சென்னைப் பதிவு, அவருடைய கைக்கு வந்து ஓராண்டு. விலையும் குறைவு. முன்பணம் கொடுக்கச் சென்றபோது பழைய காகிதங்களைக் கேட்டோம். “தம்பி, நமக்குள்ளே காகிதம் எதற்கு?” என்றார். “அண்ணாச்சி, காகிதம் படிப்பதுதானே எங்கள் பிழைப்பு” என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்தோம்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியிருப்பதை மட்டுமன்று, எழுதாமல் விட்டதையும் அவன் பார்ப்பான். காப்பீட்டுப் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினோம். இழப்பீடு கேட்காத வண்டிக்கு ஆண்டுதோறும் கட்டணத்தில் தள்ளுபடி ஏறிவரும். 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்பது அதன் படிவரிசை. இந்த வண்டிக்கு 2023இல் 45 விழுக்காடு. 2024இல் சுழியம். அப்போதும் உரிமையாளர் பழையவரே. இடையில் யாரோ பெரிய இழப்பீடு பெற்றிருக்கவேண்டும். அந்த இடையில்தான், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது.

மறுநாள் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் இஞ்சினைத் தொடவேயில்லை. கடைசி வரிசையின் இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்தார். அடியில் சேற்றின் கோடு ஒன்று நேராய் ஓடியிருந்தது. தரைவிரிப்பைத் தூக்கினார், இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு. “சார், இந்த வண்டி குளித்திருக்கிறது” என்றார்.

குளித்தால் என்ன என்று கேட்கலாம். இக்கால வண்டியில் மின்கம்பிகள் நரம்புபோல் ஓடுகின்றன. நீர் புகுந்த இணைப்புகள் உடனே கெடுவதில்லை. பல மாதங்களில் மெல்ல அரிக்கப்படுகின்றன. விபத்தில் விரியவேண்டிய காற்றுப்பை விரியாமற் போகலாம். நள்ளிரவில் வண்டி கிளம்ப மறுக்கலாம். எங்கள் வீட்டுக்கு வண்டி வேண்டியிருந்ததே அத்தகைய நள்ளிரவுக்குத்தான்.

பெரியவரிடம் சொன்னோம். அவர் முகம் வெளிறியது. தரகர் ஒருவர் அனுப்பிய படங்களைப் பார்த்தே அவர் வாங்கியிருந்தார். ஏமாற்றியவர் அல்லர், ஏமாந்தவர். “அடுத்து வருபவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அண்ணாச்சி” என்று வேண்டினோம். அவர் விடை கூறவில்லை. இரண்டு மாதம் கோயிலில் எங்கள் முகம் பார்க்கவில்லை. பின்னர் ஒரு நாள் அவரே அருகில் வந்து, உண்மையைச் சொல்லிப் பட்டறைக்காரர் ஒருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டதாகக் கூறினார். அவருக்கு ஏற்பட்ட இழப்பு பெரிது. அவரைப்போல் வாய்மை காத்தவர்களை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

இனி, நேயர்களுக்குச் சில குறிப்புகள். வண்டியின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். உப்புக் காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உள்ள எங்கள் தீவில் துரு அங்கிருந்தே தொடங்கும். கதவுகளில் சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கலாம். ஓடிய தூரம் குறைவாகவும் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்தும் இருந்தால் காரணம் கேளுங்கள். எஞ்சின் எண்ணெய் பாலேடுபோல் வெளுத்திருந்தால் விலை பேசாமல் திரும்புங்கள்.

அடுத்தது பதிவு. வேற்று மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்குமேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அதன் படிவ எண் 28. உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. கடனில் வாங்கிய வண்டியாயின் கடன் தீர்ந்ததற்கான 35ஆம் படிவத்தையும் கேட்டுப் பெறுங்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பியுங்கள். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021இல் வந்த பாரத் வரிசைப் பதிவு ஒரு வரம். மாநிலம் மாறினும் எண் மாறவேண்டியதில்லை.

நாங்கள் முடிவில் வாங்கியது, இதே நகரில் ஒரே குடும்பம் ஓட்டிய எர்டிகா. விலை சற்றுக் கூடுதல். ஆனால் அதன் காகிதங்களில் இடைவெளி இல்லை. வண்டி வந்த நாளில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். பழக்கத்தால் தாயார் வாசலிலேயே நின்றார். “ஏறுங்கள் அம்மா, உங்களுக்கும் இடம் இருக்கிறது” என்றோம். அவர் நடு இருக்கையில் அமர்ந்து, இருக்கைப் பட்டையைத் தாமே இழுத்துப் பூட்டிக்கொண்டார்.