தலைமையாசிரியரும் தேர்வு முடிவும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

   

தலைமையாசிரியர் பள்ளியை நடத்தும் முறைக்கும் மாணவரின் தேர்வு முடிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தொடர்பு உண்டு, எனினும் அஃது ஆசிரியர் வழியாகவே மாணவரைச் சென்றடைகிறது.

அதட்டி ஆளும் தலைமையாசிரியர் உண்டு. அவர் விடுப்பெடுத்த நாளில் பள்ளியின் ஒழுங்கும் விடுப்பெடுத்துக்கொள்ளும். கோப்புகளோடு குடும்பம் நடத்துவோரும் உண்டு. இன்னொரு வகையினர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்பவர். விடைத்தாளை ஆசிரியரோடு சேர்ந்து புரட்டுபவர். நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடனாய்ந்த இருவரும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஊக்கமூட்டி வழிநடத்தும் தலைமையைவிட, கற்பித்தலில் நேரே கலந்துகொள்ளும் தலைமை மூன்று நான்கு மடங்கு மிகுந்த பயன் தந்ததாக அதில் கண்டனர்.

இது நம் பள்ளிகளுக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்திற்கு 8 மதிப்பெண். அரையாண்டில் 21 வாங்கிய பிள்ளை இவ்விரண்டையும் தொடாமல் விட்டிருப்பின், நாள்தோறும் வரையப் பழக்கினால் 35-ஐத் தாண்டிவிடும். இதை விடைத்தாளைப் பார்த்தவரே அறிவர். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தவர் 'தேறாதவன்' என்று எழுதி முடித்துவிடுவார்.

அவ்வாறு எழுதப்பட்ட பிள்ளையின் கதி என்ன? எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்காத நம் மாநிலத்தில், வடிகட்டல் ஒன்பதாம் வகுப்பில் நிகழ்கிறது. பெற்றோரை அழைத்து, "வேறு பள்ளி பாருங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பர். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியோர் 42, அனைவரும் தேர்ச்சி. முடிவு நூறு விழுக்காடு, தலைமையாசிரியருக்குப் பொன்னாடை. அடுத்த ஊர்ப் பள்ளியிலும் 60 பேர்; எழுதியோர் 57; தேறியோர் 50. முடிவு 88 விழுக்காடு. அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். எட்டுப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கரைசேர்த்தவர் எவர்? மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கம் 2017-இல் நின்றது. விழுக்காட்டு மயக்கம் நின்றபாடில்லை.

அந்தப் பதினெண்மர் எத்தெருவினர் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டுவதில்லை. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கிய காலத்தில் நம் பிள்ளைகளுக்கு வாசலே அடைபட்டிருந்தது. இன்று முன்வாசல் திறந்திருக்கிறது. தேர்வு நெருங்கும்போது பின்வாசலும் திறக்கிறது.

மற்றொன்று. பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு செல்வோர் பலர். திரும்புவதற்குள் பொதுத்தேர்வு முடிந்துவிடும். வருகைப் பதிவேட்டில் பெயரை அடிப்பதும் ஒரு நிர்வாகம்தான். மார்கழியிலேயே வீடு தேடிச் சென்று, பிள்ளையை மட்டும் அரசு விடுதியில் சேர்த்துவிட்டுப் போகுமாறு தாயிடம் பேசுவதும் நிர்வாகமே. இரண்டாவதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. மிதிவண்டி ஒன்று போதும்.

இளைஞர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய பங்கு உண்டு. நம் தெருப் பெற்றோர் அக்கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்க வேண்டா. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தோர் எத்தனை பேர், இவ்வாண்டு தேர்வெழுதுவோர் எத்தனை பேர், இடையில் விட்டவர் எங்கே என்று கேட்கட்டும். அடுத்த கூட்டம் எந்நாள் என்பதை அவரவர் ஊர்ப் பள்ளியில் அறிந்து சங்கத்திற்குத் தெரிவிக்கும் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றேன்.