பூணும் மூலமும்: பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் உலோக அணிகளை அறிதல்



மொழி மன்றத்தின் மேடைக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் உலோகப் பட்டைக்கும் என்ன இயைபு என்று சிலர் வினவக்கூடும். இயைபு உண்டு. பழம்பொருள் ஒன்றைப் பற்றி எழுதப்படும் பெயரட்டையில் நேரும் பிழை, பெரும்பாலும் கண்ணிலிருந்து பிறப்பதில்லை, சொல்லிலிருந்தே பிறக்கிறது.

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளை அடுத்த குடியிருப்புகளிலும், ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போவுக்குப் பெயர்ந்தோர் இல்லங்களிலும், கால் வைத்த மரப்பெட்டிகளாய் அமைந்த பழைய தொலைக்காட்சிகள் இன்றும் சிற்சில எஞ்சியுள்ளன. தலைமுறை மாறும்போது அவை மூன்று இடங்களுக்குச் செல்கின்றன. ஒன்று, பழைய இரும்புக் கடை. அங்கே பட்டைகள் பிடுங்கி எடுக்கப்படும். மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை; அங்கே ஒரு பெட்டியின் பட்டை இன்னொன்றில் ஏறும். மூன்றாவது, பள்ளியின் மரபுக் கண்காட்சி. அங்கே ஒரு பெயரட்டை எழுதப்படும். எது தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது, எது பின்னர் வந்தது என்று அவ்வட்டை கூறாதாயின், மாணவர் காண்பது ஒரு காலத்தின் சான்றன்று. பல காலங்களின் துண்டுகள் இணைந்த ஒரு கற்பனை.

முதலில் காலத்தை வரையறுப்போம். மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. இரண்டாம் அலைவரிசை 1969இலும், வண்ண ஒளிபரப்பு 1978இன் இறுதியிலும் வந்தன. இடைப்பட்ட 15 ஆண்டுகளே இந்நாட்டின் கறுப்பு வெள்ளைக் காலம். இங்கு 625 வரி முறையே பின்பற்றப்பட்டது. பிரிட்டனிலோ, 1964இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை தோன்றும் வரை 405 வரி முறையே வழக்கில் இருந்தது. ஆதலால், 405 வரியை மட்டும் ஏற்கும் பிரிட்டிஷ் பெட்டி ஒன்று சந்தையில் கிடைக்குமாயின், அதன் பட்டைகள் யாவும் மூலமே எனினும், அதைப் 'பேராக் இல்லத்துப் பெட்டி' என எழுதுதல் தகாது.

இனி, அணிகள் யாவை எனக் காண்போம். படத்திரையைச் சுற்றிய சட்டம், ஒலிபெருக்கியின் முன்னுள்ள வலைத்தகடு, குமிழ்களின் அடித்தகடு, பெயர்த்தகடு, விளிம்புப் பட்டை, மரக்கால்களின் நுனியில் செருகிய பூண் ஆகியன. உலக்கைக்குப் பூண் உண்டு, கைத்தடிக்கும் உண்டு. பூண் அழகுக்கு மட்டும் அமைவதன்று. மரம் பிளவாமல் காப்பதும் அதன் தொழில். தொலைக்காட்சிப் பெட்டியின் அணிகளும் பெரும்பாலும் அத்தகையனவே. கண்ணாடியும் மரமும் கூடும் இடைவெளியை மறைக்கச் சட்டம். ஒட்டுப்பலகையின் வெட்டுமுனையை மறைக்கப் பட்டை. எந்த இணைப்பையும் மறைக்காமல், எந்த முனையையும் காக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டையை ஐயத்தோடு நோக்குதல் நன்று.

பெயரிடுவதில்தான் மயக்கம் தொடங்குகிறது. பழந்தமிழில் பொன் என்பது தங்கத்தை மட்டுமன்றி உலோகம் என்னும் பொதுப்பொருளையும் குறித்தது. ஐம்பொன், கரும்பொன், வெண்பொன் என்னும் சொற்கள் அதற்குச் சான்று. கரும்பொன் இரும்பு, வெண்பொன் வெள்ளி. நிறத்தை அடையாக்கி உலோகத்தைப் பெயரிடுவது நம் மொழியின் தொன்மையான வழக்கு. மலாய் மொழியிலும் 'பெசி' என்பது இரும்பு. ஆயினும் 'பெசி புரோக்' வாங்குவோர் அலுமினியத்தையும் பித்தளையையும் சேர்த்தே வாங்குகின்றனர். நம் அடுக்களையில் 'எவர்சில்வர்' என்பதில் வெள்ளி இம்மியும் இல்லை. அவ்வழக்கின்படியே, மஞ்சள் நிறப் பட்டையைப் 'பித்தளை' என்றும், வெண்ணிறப் பட்டையைச் 'சில்வர்' என்றும் எழுதிவிடுகின்றனர். நிறத்தைக் குறிக்கும் சொல் பொருளைக் குறிக்கும் சொல்லாக மயங்குகிறது. அம்மயக்கத்தை நீக்கச் சோதனை வேண்டும்.

பொன்னிறமோ வெண்ணிறமோ காட்டும் பட்டைகள் ஐவகைப் பொருள்களால் ஆனவை. முதலாவது, முலாம் பூசிய எஃகு. காந்தம் பற்றும், முலாமின் நுண்துளைகளில் செந்துரு அரும்பும். இரண்டாவது, பித்தளை. காந்தம் பற்றாது, கனமானது, அதன் மேற்பூச்சு நீங்கிய இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். மூன்றாவது, மின்பகுப்பு முறையில் ஆக்சைடுப் படலம் ஏற்றிச் சாயமிட்ட அலுமினியம். இதன் அடர்த்தி 2.7, பித்தளையினுடையது ஏறத்தாழ 8.5. எனவே கையில் எடுத்த அளவிலேயே வேறுபாடு புலப்படும். வெயில் பட்ட பக்கத்தில் இதன் பொன்னிறம் வெளிறும். பச்சைக் களிம்பு ஒருபோதும் தோன்றாது. நான்காவது, குரோம் பூசிய துத்தநாக வார்ப்பு. காந்தம் பற்றாது, முதுமையில் பூச்சின் கீழ்க் கொப்புளங்கள் எழும். ஐந்தாவது, உலோகமே அன்று; உலோக ஆவி படிந்த பிளாஸ்டிக். தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இராது. பின்புறம் வார்ப்பு அச்சின் கோடுகள் தெரியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வண்ணத் தொலைக்காட்சியின் திரையருகே காந்தத்தைக் கொண்டு செல்லலாகாது. திரைக்குப் பின்னுள்ள எஃகுத் தகடு காந்தமேறி நிறங்கள் பிறழும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும். ஆதலால் மாணவர் எவரும் பின்மூடியைத் திறக்கக்கூடாது. கழற்ற வேண்டியதைப் பயிற்சி பெற்ற தொழிலாளரே கழற்ற வேண்டும்.

பொருளை அறிந்த அளவில் மூலம் தெரிந்துவிடாது. பித்தளைப் பட்டை பித்தளையே என்று உறுதியானாலும், அது அந்தப் பெட்டிக்கு உரியதா என்பது வேறு வினா. தனிச்சொல்லின் பொருளைத் தொடரே உறுதி செய்வதுபோல, பட்டையின் உரிமையைப் பெட்டியே உறுதி செய்யும். பட்டையை நீக்கினால், அதன் அடியில் வெயில் படாத மரத்தின் நிறம் ஒரு தழும்பாய்த் தெரியும். அத்தழும்பின் நீளமும் அகலமும் பட்டையோடு பொருந்துகின்றனவா? ஒரு வரிசைத் துளைகள்தாமா, அருகே அடைக்கப்பட்ட இரண்டாம் வரிசையும் உண்டா? தொழிற்சாலை அச்சில் வெட்டிய தகட்டின் ஓரம் ஒருபக்கம் சற்றே மழுங்கி, மறுபக்கம் பிசிறு கொண்டிருக்கும். வாளால் அறுத்த ஓரத்தில் பற்களின் வரிகள் தெரியும். திருகாணியின் மரையும் பேசும். பழைய பிரிட்டிஷ் பெட்டிகளின் சிறு திருகுகள் 'பிரிட்டிஷ் அசோசியேஷன்' அளவின. ஐரோப்பியப் பெட்டிகளில் மில்லிமீட்டர் அளவு. ஓர் ஆலந்துப் பெட்டியின் பெயர்த்தகடு பிரிட்டிஷ் மரைத் திருகால் இறுக்கப்பட்டிருந்தால், அங்கே பிற்காலக் கையொன்று புகுந்திருத்தல் கூடும்.

குடும்பப் புகைப்படங்களும் பழைய நாளிதழ் விளம்பரங்களும் துணைச்சான்றுகள். கறுப்பு வெள்ளைப் படம் பொன்னிறத்தையும் வெண்ணிறத்தையும் பிரித்துக் காட்டாது. ஆயினும் பட்டைகள் எத்தனை, எங்கே, எவ்வளவு அகலம் என்பதை நன்கு காட்டும்.

இம்முறை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டே பாடத்தை உறுதி செய்தார். ஏடுகளுக்கிடையே வேறுபாடு காணும் பதிப்பாசிரியர், தமக்கு உவந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்துவிடுவதில்லை. வேறுபாட்டைக் குறித்து வைக்கிறார். பட்டைகளிலும் மூலம், பாட வேறுபாடு, இடைச்செருகல் ஆகிய மூன்றையும் பிரித்தறிய வேண்டும். தொழிற்சாலை இட்டது மூலம். விற்ற கடைக்காரர் அறைந்த தம் கடைப்பெயர்த் தகடும், உடைந்த பட்டைக்கு ஈடாக வீட்டுப் பெரியவர் தகரத்தை வெட்டிப் பொருத்தியதும் பாட வேறுபாடு போன்றவை. அவை பெட்டியின் வாழ்க்கைக்கு உரியவை. தோட்டப்புறத்து லயத்தில் ஒரு பொருளை எத்துணைக் காலம் பேணினர் என்பதற்கு அத்தகரத்துண்டே சான்று. விலை உயர்த்தும் நோக்கோடு அண்மையில் ஒட்டப்பட்ட பளபளப்பே இடைச்செருகல். முதல் இரண்டையும் காக்க வேண்டும். மூன்றாவதை வெளிப்படக் கூற வேண்டும்.

சான்றை அழிப்பது பெரும்பாலும் வஞ்சகம் அன்று, துலக்கும் ஆர்வமே. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது நம் மரபு. அதே புளி, சாயமேற்றிய அலுமினியத்தின் படலத்தை அரித்துவிடும். பாத்திரம் துலக்கும் காரப்பொடியும் அவ்வாறே. பட்டை வெளிறிய பின், 'பொன்முலாம் போலி. உரிந்துவிட்டது' என்று மூலத்தையே கழற்றி எறிவர். இளஞ்சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியும், ஈரம் ஒற்றும் உலர்துணியுமே போதும். எஞ்சிய மஙலைக் குறையென எண்ணற்க, அதுவும் சான்றே.

நிறைவாக, ஆசிரியர்கள் வகுப்பில் செய்யத்தக்க ஒரு பயிற்சி. கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு பெட்டிக்கும், 'பழங்காலத் தொலைக்காட்சி, பித்தளை வேலைப்பாடு' என்று ஒரே வரியில் எழுதி முடிக்காமல், மாணவர் இவ்வாறு எழுதட்டும்: 'திரைச்சட்டம்: பொன்னிற அலுமினியம், காந்தம் பற்றவில்லை, மரத்தின் தழும்போடு பொருந்துகிறது, மூலம் எனக் கொள்ளலாம். கீழ்ப்பட்டை: பித்தளை, அருகே அடைத்த துளைகள் உள்ளன, பின்னர்ச் சேர்த்தது, சேர்த்த காலம் தெரியவில்லை.' கண்டது, சோதித்தது, முடிவு செய்தது, தெரியாதது ஆகிய நான்கும் இதில் தனித்தனியே நிற்கின்றன. இத்தகைய தொடரை எழுதப் பழகிய மாணவர், நாளை ஒரு கல்வெட்டையோ செய்தித்தாளையோ படிக்கும்போதும் நிறத்தைக் கண்டு பொருளை முடிவு செய்யார்.