மெஷின் ஜீரோ காட்டிய காலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையில கத்துக்கிட்டதைப் பேசுப்பா" என்றார்கள் சங்கத்தார். பஸ் கம்பெனி ஒன்றில் டிரைவர்களுக்கு டூட்டி போட்டவன் நான். கம்பெனி பெயர் வேண்டாம்.

குடித்துவிட்டு வண்டி எடுத்ததற்காக மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆன டிரைவர் ஒருவர் திரும்பி வந்தார். ஆடித்தபசுக்கு மறுநாள். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு முதல் டிரிப், கூட்டம் பிதுங்குகிறது. ஊதச் சொன்னேன். மெஷினில் ஜீரோ. ஆனால் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. விடியற்காலையிலேயே சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அண்ணாச்சி, அதான் ஜீரோ காட்டுதுல்லா, சாவியக் குடுங்க."

கொடுக்கவில்லை. ஸ்பேர் டிரைவரும் இல்லை. டிரிப் கேன்சல். முதலாளியிடம் நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

அப்புறம் ஒரு மனநல மருத்துவர்தான் விளக்கினார். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பே வரும். மூச்சில் சாராயம் இல்லாத நேரம்தான் அவருக்கு ஆபத்தான நேரம்! அதை எந்த மெஷின் காட்டும்?

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் தண்டனை என்கிறது. சரிதான். ஆனால் ஆள் நோயாளியா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. விமானத்துறையில் 2022 ஜனவரி 31 முதல் ஒரு விதி இருக்கிறது. கஞ்சா, அபின் போன்றவற்றில் முதல் முறை பிடிபடும் விமானியைப் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். தகுதிச் சான்றும் சுத்தமான சோதனை முடிவும் வந்தால்தான் மறுபடி வேலை. அமெரிக்காவில் 1987-ல் மேரிலாந்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தார்கள். எஞ்சின் டிரைவர் கஞ்சா புகைத்திருந்தார். 1991-ல் சட்டம் வந்தது. அங்கே பிடிபட்டவரை அதற்கென்று தகுதி பெற்ற நிபுணர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மதிப்பிட வேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 திடீர்ச் சோதனை.

நம்மூர் பஸ் ஷெட்டில் நாங்கள் செய்தது இதன் ஏழை வடிவம். டாக்டர் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். மனைவியிடம் தனியாகப் பேசினார். "எந்திரிச்சதும் குடிக்கணும்னு தோணுதா?" என்று கேட்டபோதுதான் மனுஷன் தலை குனிந்தார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, மூன்று வாரம் ஆஸ்பத்திரி, நான்கு மாதம் ஷெட்டில் வேலை. டாக்டர் மறுபடி பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே ஸ்டியரிங். அதற்கப்புறமும் சொல்லாமல் கொள்ளாமல் ஊதச் சொல்வேன்.

ஐந்தாம் மாதம் மாட்டினார். "போதும்யா, கணக்கை முடி" என்றார் முதலாளி. "வியாதி திரும்பியிருக்கு, அவ்வளவுதான். கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். இரண்டு நாள் யோசித்தேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களை நினைத்தால் முதலாளி சொன்னது சரி. அந்த அம்மா முகத்தை நினைத்தால் டாக்டர் சொன்னது சரி. மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்தோம், சாவியைக் கொடுக்காமல்.

இன்றைக்கு அதே ரோட்டில் ஓட்டுகிறார். என் மேல் இன்னும் கோபம்தான், பேசுவதில்லை. நான் ஏறினால் மட்டும் கண்டக்டரிடம் கண்ணைக் காட்டி முன் சீட்டு வாங்கித் தருவார்.